பச்சரிசியில் முதல் எழுத்து

காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டிலிருக்கும் நாட்களையொட்டியே பெரும்பாலும் நவராத்திரி வருகின்றது. சரஸ்வதி பூஜையன்று அடுக்கிய புத்தகங்களை, மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை செய்து எடுத்து, ஒரு பக்கமேனும் படிப்பது மரபு. இன்று பல இல்லங்களில் புத்தகம் நேரே பைக்குள் போகின்றது. பிள்ளை தொலைக்காட்சியின் முன் அமர்கின்றது.

வித்யாரம்பமும் அவ்வாறே. திருவாரூர் மாவட்டம் கூத்தனூர் சரஸ்வதி ஆலயத்தில் அன்று பெருங்கூட்டம். வரிசையில் நின்று களைத்த மழலையின் விரலைப் பற்றி, அவசரமாய் ‘அ’ எழுதிப் படம் எடுத்ததும் பலருக்கு எல்லாம் முடிந்துவிடுகின்றது. அழுதுகொண்டே எழுதிய எழுத்து எப்படி இனிக்கும்?

தரிசனம் முடித்து வந்தபின் வீட்டில் தாத்தாவின் மடி இருக்கின்றது. தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் குழந்தை கோணலாய் எழுதினாலும் குற்றமில்லை. தட்டைச் சற்றே குலுக்கினால் பிழை மறைந்துவிடும். காகிதத்தில் இந்த வசதி ஏது?

மூத்த பேரப்பிள்ளைகளுக்குக் கொலுவே பாடம். படிதோறும் பொம்மைகளை எண்ணலாம்; தசாவதாரத்தை வரிசை மாறாமல் சொல்லலாம். செட்டியார் பொம்மையின் கடையில் பருப்புக்கு ஒரு விலை வைத்து, மீதிச் சில்லறையைக் கணக்கிடச் சொல்லலாம். நாணயங்களுக்குப் பாட்டியின் சுருக்குப்பை போதும்.

இரவு பொம்மை ஒன்றைப் படுக்கவைக்குமுன், பூஜையில் வைத்தெடுத்த புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைப் பேரன் உரக்க வாசிக்கட்டும், காது மந்தமான பாட்டிக்கும் கேட்கும்படியாக.