லோங்காங் ஓர வல்லாரை: பறித்துத் தின்பதா, நட்டுத் தின்பதா?

போர்ட் கிள்ளான் - நம் நாட்டில் வசந்த காலம் என்று தனியாக ஒன்று வருவதில்லை. ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகல் மழை கொட்டத் தொடங்கியதும் கிள்ளான் பள்ளத்தாக்கின் திடல் ஓரங்களும் கால்வாய்க் கரைகளும் சில நாள்களிலேயே பச்சை பிடித்துவிடும். அந்தப் பச்சைக்குள் தரையோடு தரையாக ஓடும் கொடி ஒன்று உண்டு. மலாய்க்காரர்களுக்கு அது பெகாகா, நமக்கு வல்லாரை.

போர்ட் கிள்ளானில் வல்லாரை தழைப்பதில் வியப்பில்லை. சதுப்பு நிலத்தில் எழுந்த ஊர் இது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் துறைமுகம் திறக்கப்பட்டபோது மலேரியா பலரைப் படுக்கையில் தள்ளியது. அப்போது கிள்ளானில் அரசாங்க மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்பை வடிய வைத்து, புதரை வெட்டி நோயை அடக்கினார். 1972-இல் ஊரின் பெயர் மாறியது. வடிகால்கள் மட்டும் குறையவில்லை. ஈரமும் அரை நிழலும் இருந்தால் வல்லாரைக்கு வேறென்ன வேண்டும்?

இந்தக் கீரையின் ருசியை இங்குள்ள எல்லாச் சமூகங்களும் அறிந்திருக்கின்றன. மலாய் வீடுகளில் அது உலாம்; சம்பால் பெலாச்சானைத் தொட்டுக்கொண்டு பச்சையாகவே உண்பார்கள். தமிழகத்து வழியில் வந்தவர்கள் துவையலாக அரைப்பார்கள், பருப்போடு கூட்டு வைப்பார்கள். ரயில்வே வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழர் வீடுகளில் அது வல்லாரைச் சம்பல். இலையை மிகப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துப் பிசறி, கடைசியில் எலுமிச்சம் புளி விடுவார்கள். கசப்பு இருக்கும், அந்தக் கசப்புக்காகவே சாப்பிடுபவர்கள் உண்டு.

ஞாபக சக்திக்கு நல்லது என்று தேர்வு நேரத்தில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். மனிதர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் இதை இன்னும் உறுதியாக நிரூபிக்கவில்லை. காயம் ஆற்றுவதில் வல்லாரையின் சத்துகளுக்குச் சான்று சற்றுக் கூடுதலாக உண்டு; முகப்பூச்சுக் களிம்புகளில் இன்று அது இடம்பிடித்திருப்பதும் அதனால்தான். கீரையாக உண்பது ஒன்று, மாத்திரையாக நாள் கணக்கில் விழுங்குவது வேறொன்று. மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகளும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பறிக்குமுன் செடி வல்லாரைதானா என்று பார்க்க வேண்டும். அதைப் போலவே வட்ட இலையோடு குடை பிடித்து நிற்கும் நீர்ச்செடி ஒன்று மீன் தொட்டிகளிலும் குளக்கரைகளிலும் வளர்கிறது. அதன் காம்பு இலையின் நடுவில் ஒட்டியிருக்கும். வல்லாரை இலை சிறுநீரக வடிவம் கொண்டது. அடியில் பிளவு இருக்கும், காம்பு அந்தப் பிளவில் சேரும். இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

அதைவிடப் பெரிய சிக்கல், செடி நிற்கும் மண். புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீபகற்பத்தின் பல இடங்களில் வல்லாரையைச் சேகரித்துச் சோதித்தார்கள். மண்ணில் உள்ள ஈயம், செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களை இந்தச் செடி உறிஞ்சித் தேக்கிவைக்கிறது என்றும், ஓர் இடத்தின் மாசை அறிய இதையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்றும் கண்டார்கள். அளவுகோலுக்கு நல்ல குணம், சாப்பாட்டுத் தட்டுக்கு அல்ல. கொள்கலன் லோரிகள் இரவு பகலாக ஓடும் துறைமுகச் சாலை ஓரத்திலும் தொழிற்சாலை வேலிக்கு அருகிலும் பறித்த கீரையை எத்தனை முறை அலசினாலும் உள்ளே ஏறிய உலோகம் போகாது. களைக்கொல்லியும் இருக்கிறது. பாராகுவாட் 2020 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டாலும் வேறு மருந்துகளைப் புல்லுக்கு அடிக்கிறார்கள். லோங்காங்கில் எலிகள் நடமாடுவதால் எலிச் சிறுநீர்க் காய்ச்சலையும் மறந்துவிட முடியாது. சாலையோரக் கீரையைப் பச்சையாக உண்பதை அடியோடு விட்டுவிடலாம்.

ஆசையை விடத் தேவையில்லை. வல்லாரை கணுவுக்குக் கணு வேர் விடும் கொடி. வேர் பிடித்த இரண்டு மூன்று கணுக்களை மட்டும் துண்டாக வெட்டியெடுத்து, மீதியை அங்கேயே விட்டுவந்தால் அந்த இடம் அடுத்த மழைக்கு மீண்டும் மூடிக்கொள்ளும். கொத்தாகப் பிடுங்குபவர்கள் அடுத்த ஆண்டு அங்கே கோரைப் புல்லைத்தான் பார்ப்பார்கள். மண் சுத்தமான இடத்திலிருந்து, அல்லது பாசாரில் வாங்கும் வேருள்ள கட்டிலிருந்து தொடங்குவது இன்னும் மேல்.

மீன் கடைகளில் வீசப்படும் பொலிஸ்டிரீன் பெட்டி இதற்கு அருமையான தொட்டி. நன்றாகக் கழுவி, அடியில் சில துளைகள் போட்டு, கடையில் வாங்கிய மண்ணோடு மக்கிய எருவும் கொஞ்சம் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிரப்ப வேண்டும். வீட்டுப் பக்கத்துக் களிமண்ணை அள்ளிப் போடாதீர்கள். கடலோர மண்ணில் உப்போ புளிப்போ அதிகமாக இருக்கலாம். பழைய இலைகளையும் நீண்ட வேர்களையும் கத்தரித்துவிட்டு, கணு மண்ணைத் தொடும்படி பதித்து, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால் போதும். அடுக்குமாடி வீட்டின் ஐந்தடித் தாழ்வாரத்திலும் வளரும்.

தண்ணீர் தேங்கவிட்டால் ஏடிஸ் கொசு வந்துவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கொசுப் புழு இருக்கும் வீட்டுக்காரருக்கு அபராதம் விதிக்கப்படலாம். மண் ஈரமாக இருந்தால் போதும், பெட்டிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டாம்.

முதலில் வரும் இலைகளைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். செடி பழைய மண்ணில் சேர்த்தது அவற்றில் இருக்கலாம். புது மண்ணில் கொடி ஓடிப் பெட்டியை மூட ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். அதன்பிறகு கத்தரிக்கோலால் இலையும் காம்பும் மட்டும் வெட்டுங்கள், கொடியில் கை வைக்காதீர்கள். நத்தைகள் இரவில் வரும், விடியற்காலையில் கையால் பொறுக்கிவிடலாம். பெட்டி நிறைந்து விளிம்புக்கு வெளியே தொங்கும் கணுக்களை வெட்டி எடுத்தால் அடுத்த வீட்டாருக்கும் ஒரு பெட்டி ஆயிற்று.