மூன்று தடவை அளந்தால் போதுமா?

வெர்னியர் காலிப்பரில் ஒரே ஒரு ரீடிங் எடுத்து ரிக்கார்டு நோட்டில் எழுதினால் சார் ஒத்துக்கொள்ள மாட்டார். "மூணு தடவை எடுத்து சராசரி போடுப்பா" என்பார். மனித மரபணுவைப் படிக்கும் விஞ்ஞானிகளும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள்.

ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துக்களில் சுமார் 300 கோடி எழுத்து நீளமுள்ள புத்தகம் அது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. படிக்கும் மெஷின் ஆயிரத்துக்கு ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்தாலே ஒரு பிரதியில் 30 லட்சம் தப்பு! ஒருவருக்கு உண்மையாகவே உள்ள மாற்றங்களும் சுமார் 40 முதல் 50 லட்சம்தான். எது நிஜம், எது மெஷினின் பிழை?

1998-ல் பில் கிரீன் குழுவினர் 'ஃப்ரெட்' என்ற முறையை வெளியிட்டார்கள். படித்த ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மார்க். 20 என்றால் தப்பாக இருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு; 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று; 40 என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. நாம் கணக்கில் படித்த அதே மடக்கைதான்.

அடுத்து, ஒரே இடத்தைச் சுமார் 30 தடவை படிக்கிறார்கள். ஒரு தடவை மட்டும் எழுத்து மாறி வந்தால் பெரும்பாலும் பிழை. 15 தடவை மாறி வந்தால், பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த நிஜமான மாற்றம். நான்கு தடவை வந்தால்? பிழையாக இருந்தால் இப்படி வர நிகழ்தகவு எவ்வளவு, நிஜமாக இருந்தால் எவ்வளவு என்று இரண்டையும் கணக்கிட்டு ஒப்பிடுகிறார்கள்.

ஆனால் ஜீரோ எரர் உள்ள காலிப்பரில் நூறு தடவை அளந்தாலும் அதே தப்புதானே வரும்? இங்கேயும் அப்படித்தான். டி.என்.ஏ.வுக்கு இரண்டு இழைகள். மாற்றம் ஒரு இழையைப் படிக்கும்போது மட்டும் தெரிந்து, எதிர் இழையில் தெரியாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். வேறு முறையில் சரிபார்க்க வேண்டும்.

ஒரு எழுத்துக்கு இவ்வளவு பாடா என்று நினைக்காதீர்கள். ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஒரு 'ஏ', 'டி' ஆக மாறியதுதான் அரிவாள் செல் நோய். ஒரு பிரதியில் மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. இரண்டிலும் மாறியிருந்தால் ஆயுளுக்கும் வேதனை.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை வீட்டில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. "மெஷினே சொல்லுதுல்ல, சரியாத்தான் இருக்கும்" என்பார் அப்பா. மெஷினை நம்பலாம், ஆனால், "எத்தனை தடவை பார்த்தீங்க? வேறு முறையில் சரிபார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டு நம்புவோம். அப்படிக் கேட்கத் தெரிவதற்காகவாவது நாம் புள்ளியியல் படிக்க வேண்டும்.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்