கெல்ட்டியர் மரபணு என்று ஒன்று உண்டா?

மாணவர்களே, சென்ற மாதம் புறப்பாட நடவடிக்கை நாளில் படிவம் நான்கு மாணவர் ஒருவர் பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட காற்பந்துச் சட்டை அணிந்து வந்தார். "செல்டிக் குழு, டீச்சர். ஸ்காட்லாந்து" என்றார் பெருமையாக. செல்டிக் என்றால் என்ன பொருள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நண்பர் முந்திக்கொண்டார்: "அது ஓர் இனம், டீச்சர். ரத்தத்தில் இருக்கும். மரபணுச் சோதனை செய்தால் எத்தனை விழுக்காடு என்று வந்துவிடும்."

கேட்பதற்கு அறிவியல் போலவே இருக்கிறது. அதனால்தான் இந்த வாரம் அந்தப் பதிலையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் உச்சரிப்பு. கிளாஸ்கோ நகரக் காற்பந்துக் குழு 'செல்டிக்'. மக்களையும் மொழிகளையும் சொல்லும்போது 'கெல்டிக்' என்பதே இன்றைய வழக்கு. அந்தக் குழு 1887இல், அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்களுக்கு உதவ நிதி திரட்டும் நோக்கத்தில் தொடங்கப்பட்டது. ஸ்காட்லாந்து மண்ணில் ஐரிஷ்காரர்கள் தொடங்கிய குழு. இரு தரப்பையும் சேர்த்துச் சொல்ல ஒரு பெயர் வேண்டும். 'கெல்டிக்' பொருந்தி வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவ்விரு மக்களையும் ஒரே குடும்பமாக அப்படி அழைக்கும் வழக்கம் பரவி அப்போது இருநூறு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

பெயர் மட்டும் மிகப் பழையது. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கர்கள், ஐரோப்பாவின் உட்பகுதியில் வாழ்ந்த சில மக்களைக் 'கெல்டோய்' என்றார்கள். ஹெரோடோட்டஸ் அவர்களை டான்யூப் ஆறு பிறக்கும் இடத்தோடு சேர்த்து எழுதினார். பின்னாளில் ஜூலியஸ் சீசர், இன்றைய பிரான்சின் ஒரு பகுதி மக்கள் தங்கள் மொழியில் தங்களைக் கெல்ட்டியர் என்று சொல்லிக்கொள்வதாகக் குறித்து வைத்தார். ஆனால் பிரிட்டன், அயர்லாந்து மக்களைக் கெல்ட்டியர் என்று அழைத்த பண்டைய ஆசிரியர் ஒருவரும் இல்லை. இன்றோ, கெல்ட்டியர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவதே அந்த இரண்டு தீவுகள்தாம்!

பெயரைக் கடல் கடக்க வைத்ததில் பெரிய பங்கு எட்வர்ட் லூயிட் என்பவருக்கு உண்டு. ஆக்ஸ்ஃபர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகக் காப்பாளர். செடிகளையும் புதைபடிவங்களையும் சேகரித்த அதே கண்ணோடு சொற்களையும் சேகரித்தார். வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, கார்ன்வால் என்று பல ஆண்டுகள் அலைந்தார். பிரான்சின் பிரிட்டானியில் அவரை உளவாளி என்று நினைத்துச் சிறையில்கூடப் போட்டார்கள். 1707இல் வெளியிட்ட நூலில், இந்த ஊர்களின் மொழிகள் எல்லாம் உறவுடையவை என்று சொற்பட்டியல் போட்டுக் காட்டினார். பண்டைய பிரான்சில் பேசப்பட்ட மொழியோடும் அவற்றைத் தொடர்புபடுத்தி, 'கெல்டிக்' என்ற பெயரை ஒட்டினார்.

அந்த உறவை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஐந்து என்பதற்கு ஐரிஷில் 'கூயிக்', வெல்ஷில் 'பிம்ப்'. தலைக்கு வெல்ஷில் 'பென்'. அதன் ஐரிஷ் இணைச்சொல் 'க்' ஒலியில் தொடங்கும். மகனுக்கு ஐரிஷில் 'மக்', பழைய வெல்ஷில் 'மப்'. ஒரு பக்கம் 'க்' வரும் இடத்தில் மறுபக்கம் 'ப்' வருகிறது, ஒழுங்காக. நம் 'பால்', 'பல்', 'பத்து' ஆகியவை கன்னடத்தில் 'ஹாலு', 'ஹல்லு', 'ஹத்து' ஆவதைப் போல.

'மக்' என்றதும் 'மகன்' என்று துள்ளிக் குதிக்காதீர்கள். ஒரு சொல் ஒத்திருப்பது தற்செயலாக நடக்கும். பல சொற்களில் ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப வந்தால்தான் அது சான்று. இதே ஒப்பியல் முறையில் 1856இல் திராவிட மொழிகளுக்கு இலக்கணம் எழுதிய கால்டுவெல், அயர்லாந்துத் தீவின் ஆண்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவர். அந்த மாவட்டத்துக்குச் சற்று நேரத்தில் மீண்டும் போவோம்.

லூயிட் காட்டியது மொழிகளின் உறவை. ஆனால் மொழிக்கு வைத்த பெயர் மெல்ல மெல்ல மக்களுக்கும், பிறகு 'ரத்தத்துக்கும்' வந்து சேர்ந்தது. நடுவில் தொல்லியலும் கை கொடுத்தது. 1846 முதல் ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்ற உப்புச் சுரங்க ஊரில் நூற்றுக்கணக்கான கல்லறைகள் தோண்டப்பட்டன. 1857இல் ஸ்விட்சர்லாந்தின் லா தேன் ஏரிக்கரையில் வாள்கள் கிடைத்தன. அந்தப் பாணிப் பொருள்களுக்குக் 'கெல்ட்டியர்' என்ற அட்டை ஒட்டப்பட்டது. கொரியக் கைப்பேசி வைத்திருப்பதால் நீங்கள் கொரியர் ஆகிவிடுவீர்களா என்று கேட்டால் என் வகுப்பு சிரிக்கும். பொருளும் பாணியும் கை மாறக்கூடியவை. வைத்திருந்தவர் என்ன மொழி பேசினார் என்று வாள் சொல்லாது.

சரி, ரத்தத்துக்கு வருவோம். உமிழ்நீரைக் குப்பியில் அனுப்பினால் வம்சாவளி சொல்லும் நிறுவனங்கள் என்ன செய்கின்றன? உங்கள் மரபணுத் தொகுதியில் ஆளுக்கு ஆள் மாறுபடும் பல இலட்சம் இடங்களைப் படிக்கின்றன. அவற்றைத் தங்களிடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிடுகின்றன. அம்மாதிரிகள் பெரும்பாலும் இன்று வாழ்பவர்களிடம் எடுத்தவை. 'அயர்லாந்து 40 விழுக்காடு' என்று அறிக்கை வந்தால், அவ்வளவு பகுதி 'அயர்லாந்து' என்று பெயரிட்ட மாதிரிகளைப் பெரிதும் ஒத்திருக்கிறது என்பதே பொருள். அந்தப் பெயரை எழுதியது நிறுவனம். மரபணுவில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை.

கெல்டிக் என்று தனிக் கூட்டம் மரபணுவில் தெரிகிறதா என்பதைப் பார்க்க ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பிரிட்டனின் கிராமப்புறங்களில் 2,039 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொருவரின் நான்கு தாத்தா பாட்டிகளும் ஒருவருக்கொருவர் 80 கிலோமீட்டருக்குள் பிறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏன் இந்தக் கெடுபிடி? உங்கள் மரபணு உங்கள் தாத்தா பாட்டி நால்வரிடமிருந்து வந்தது. அவர்கள் நால்வரும் ஒரே வட்டாரத்தவர் என்றால், ரயிலும் தொழிற்சாலையும் மக்களைக் கலந்துவிடுவதற்கு முந்தைய காலத்தை ஓரளவு எட்டிப் பார்க்கலாம்.

2015இல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. கணினி அவர்களை 17 கூட்டங்களாகப் பிரித்தது. கார்ன்வாலும் பக்கத்து டெவனும் தனித்தனி. எல்லைக்கோடு கிட்டத்தட்ட இன்றைய மாவட்ட எல்லை மீதே விழுந்தது. வடக்கு வேல்ஸ் ஒரு பக்கம், தெற்கு வேல்ஸ் மறுபக்கம். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து, கார்ன்வால் மக்களை ஒன்றாகச் சேர்க்கும் 'கெல்டிக் கூட்டம்' மட்டும் வரவே இல்லை. கார்ன்வால் மக்கள் வேல்ஸ்காரர்களைவிட ஆங்கிலேயர்களுக்கே நெருக்கமாக இருந்தார்கள்.

இப்போது ஆண்ட்ரிம். அதன் வடகரையில் ராத்லின் என்ற சிறு தீவு. 2006இல் அங்கே ஒரு மதுக்கடைக்குப் பின்னால் வாகனப் பாதைக்கு நிலத்தைச் சீர்படுத்தியபோது எலும்புக்கூடுகள் கிடைத்தன. மூன்று ஆண்கள், வெண்கலக் காலத்தவர், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்தையவர்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரி அறிஞர்கள் எலும்பிலிருந்து மரபணுவைப் பிரித்துப் படித்தார்கள். அம்மூவரும் இன்றைய ஐரிஷ், ஸ்காட்டிஷ், வெல்ஷ் மக்களோடு நன்றாக ஒத்துப்போனார்கள். ஆனால் பெல்ஃபாஸ்ட் அருகே புதைக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு பெண் அப்படியல்ல. அவருடைய முன்னோரில் பெரும்பாலோர் மேற்காசியாவிலிருந்து பரவிய உழவர்கள். இடைப்பட்ட காலத்தில் புதிதாக வந்தவர்கள் அத்தீவின் மக்கள்தொகையையே மாற்றிவிட்டார்கள்.

ராத்லின் ஆண்களில் ஒருவரிடம் இன்னொன்றும் இருந்தது. நம் குடல் உணவிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் இரும்புச் சத்தை மட்டுமே உறிஞ்சும். ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் இந்தக் கட்டுப்பாடு தளரும். கூடுதல் இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி இல்லை. கல்லீரலிலும் மூட்டுகளிலும் சேரும். ஹீமோகுரோமடோசிஸ் என்பது நோயின் பெயர். சிகிச்சை எளியது: இரத்த தானம் செய்வதுபோல் அவ்வப்போது இரத்தத்தை எடுத்துவிடுவார்கள்.

இது ஒடுங்கு மரபணு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் ஆபத்து. அப்போதும் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. அயர்லாந்தில் சுமார் 83 பேருக்கு ஒருவரிடம் இரண்டு நகல்களும் இருக்கின்றன. படிவம் ஐந்து மாணவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே நகல் கொண்டவர்கள் ஏறக்குறைய ஐவருக்கு ஒருவர் என்று வரும். இதைக் 'கெல்ட்டியர் நோய்' என்றே அழைப்பதுண்டு. "அதோ, கெல்ட்டியர் மரபணு!" என்பீர்கள். அவசரம் வேண்டாம். அதே மாற்றம் நார்வேயிலும் இங்கிலாந்திலும் உண்டு. அயர்லாந்திலேயே பெரும்பாலோரிடம் அது இல்லை. அவர்கள் ஐரிஷ்காரர் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

2022இல் வந்த இன்னோர் ஆய்வு 793 பழங்கால மனிதர்களின் மரபணுவைப் படித்தது. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன், பிரான்ஸ் பக்கத்திலிருந்து வந்திருக்கக்கூடிய மக்கள் தெற்கு பிரிட்டனில் பெருமளவில் குடியேறினார்கள் என்பது அதன் முடிவு. கெல்டிக் மொழி அவர்களோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். எனக்கு இந்த 'லாம்' பிடிக்கும். எலும்பிலிருந்து மரபணுவை எடுக்கலாம். அந்த வாய் பேசிய சொல்லை எடுக்க முடியாதே.

அப்படியானால் இன்று ஒருவர் "நான் கெல்ட்" என்று சொன்னால் எதைச் சொல்கிறார்? 1961இல் தொடங்கிய கெல்டிக் லீக் என்ற அமைப்பு மொழியை அளவுகோலாக வைக்கிறது: ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மான்க்ஸ், வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன். ஆறு மொழி, ஆறு நாடு. ஸ்பெயினின் கலீசியா மக்களும் பைக்குழல் ஊதுகிறார்கள், தங்களைக் கெல்ட்டியர் என்கிறார்கள். பிரிட்டானியில் லோரியாங் நகரின் கெல்டிக் விழா அவர்களை வரவேற்கிறது. ஆனால் அவர்கள் பேசுவது லத்தீன் வழிவந்த மொழி, அதனால் அந்த ஆறில் இடமில்லை. இந்த அளவுகோலிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. வேல்ஸில் 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசத் தெரியும் என்றவர்கள் 17.8 விழுக்காட்டினர்தாம். மற்றவர்களிடம் போய் "நீங்கள் வெளியே நில்லுங்கள்" என்றா சொல்வது? எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என்றாலும் மரபணுவைவிட மொழி நேர்மையான அளவுகோல் என்றே நினைக்கிறேன். காரணம், அதை ஒருவர் கற்றுக்கொள்ள முடியும்.

மான் தீவில் அதைத்தான் செய்தார்கள். (அங்கே மான்களைத் தேடாதீர்கள், பெயர்தான் அப்படி.) பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் உள்ள அத்தீவில் மான்க்ஸ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் நெட் மாட்ரெல், 1974இல் இறந்தார். அதற்கு முன்பே, 1948இல், அயர்லாந்திலிருந்து வந்த நாட்டார் வழக்காற்று ஆணையத்தினர் அவரைப் போன்ற முதியவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்திருந்தார்கள். தீவில் ஆர்வம் கொண்டவர்கள் அந்த முதியவர்களிடம் நேரில் போய் உட்கார்ந்து மொழியைக் கற்றார்கள். அவர்கள் மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். 2001இல் மான்க்ஸ் மொழியிலேயே பாடம் நடத்தும் தொடக்கப்பள்ளி ஒன்று திறக்கப்பட்டது.

2009இல் யுனெஸ்கோ தன் மொழி வரைபடத்தில் மான்க்ஸை 'அழிந்த மொழி' என்று குறித்தது. அந்தத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் யுனெஸ்கோவுக்குக் கடிதம் எழுதினார்கள், மான்க்ஸ் மொழியில். எங்கள் மொழி அழிந்துவிட்டது என்றால், இதை நாங்கள் எந்த மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டார்கள். யுனெஸ்கோ குறிப்பைத் திருத்தியது.