பானெட்டிலிருந்து கிளம்புவது ஆவியா, புகையா? மூடியில் கை வைக்கும் முன் மூக்கைக் கேளுங்கள்!

மே மாத விடுமுறை. நாமக்கல் பக்கமிருந்து கொல்லிமலைக்கு ஏறுகிறது ஒரு கார். அடிவாரமான காரவள்ளியில் இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பிய உற்சாகத்தில், பின் சீட்டுப் பிள்ளைகள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வருகிறார்கள். மொத்தம் 70 வளைவுகள். உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, முழு வேகத்தில் ஏ.சி., முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே அல்லாடும் இன்ஜின். பாதி மலை ஏறியிருப்பார்கள். பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்புகிறது.

காரை ஓரம் கட்டுகிறார்கள். அடுத்து நடப்பது நம் ஊரில் எல்லோரும் பார்த்ததுதான். பெரியவர் ஒருவர் இறங்குவார். ''தண்ணி கொதிச்சிருச்சு மாப்ள, மூடியத் தொறந்து ஊத்துங்க'' என்பார். மாப்பிள்ளையும் தோளில் கிடக்கும் துண்டை நாலாக மடித்து, ரேடியேட்டர் மூடிக்கு மேலே கொண்டுபோவார்.

அந்தத் துண்டு மூடியைத் தொடுவதற்குள் ஒரு நடை சமையலறைக்குப் போய் வந்துவிடலாம்.

குக்கரில் வெயிட் போட்ட பிறகு, உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து அடங்கிவிடுவதில்லை. அழுத்தம் ஏற ஏற, சுமார் 120 டிகிரி வரைக்கும் சூடு போகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு அந்த மூடியை நெம்பித் திறக்க எந்த வீட்டிலும் யாரும் துணிய மாட்டார்கள். ரேடியேட்டரும் அதே குக்கர்தான். அதன் மூடியில் இருக்கும் ஸ்பிரிங், ஏறக்குறைய குக்கர் அளவுக்கே அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. தண்ணீரோடு கூலன்ட்டும் கலந்திருப்பதால் உள்ளே இருக்கும் திரவம் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் தாக்குப்பிடிக்கும். மூடியைத் திருகிய நொடியில் அந்த அழுத்தம் விடுபடுகிறது. அதுவரை அடங்கிக் கிடந்த திரவம் ஒரே நேரத்தில் கொதித்து, ஆவியும் நீருமாகப் பீறிடும். குனிந்து நிற்பவரின் முகம், கழுத்து, முன்கை எல்லாம் அதன் பாதையில்தான் இருக்கின்றன. மடித்த துண்டு அதற்கு முன்னால் எம்மாத்திரம்? நனைந்த துண்டு என்றால் இன்னும் மோசம், கொதிநீரைத் தோலோடு ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்ளும்.

பெரியவரைக் குறை சொல்லவும் முடியாது. அம்பாஸிடர் காலத்தில் தண்ணீர் கேனும் சாக்குத் துணியும் இல்லாமல் மலை ஏறியவர்கள் குறைவு. அந்தக் கார்களின் ரேடியேட்டர்களில் அழுத்தம் குறைவு, கொதிப்பதும் சகஜம். அன்று கைகொடுத்த பழக்கத்தை இன்றைய காரில் செய்து பார்ப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

சரி, மூடியைத் தொடக் கூடாது. பிறகு வேறென்ன செய்வது? முதலில் மூக்கைக் கேட்க வேண்டும். பானெட்டிலிருந்து வருவது எது என்பதைக் கண்ணைவிட மூக்கு சீக்கிரம் சொல்லிவிடும்.

வெல்லப்பாகு காய்ச்சுவது போல லேசான இனிப்பு வாசனையோடு, வெள்ளையாக வந்து காற்றில் சட்டென்று கரைந்துபோனால் அது புகையே இல்லை. கூலன்ட் ஆவி. எங்கோ ஒரு ஹோஸ் வெடித்திருக்கலாம், கிளிப் தளர்ந்திருக்கலாம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதியில் கீறல் விழுந்திருக்கலாம், வாட்டர் பம்ப் கசியலாம். இன்ஜினை உடனே அணைத்தாக வேண்டும் என்பது உண்மை. ஆனால், அலறியடித்துக்கொண்டு ஓட வேண்டிய கட்டம் இல்லை.

எந்த வாசனையும் இல்லாத வெள்ளை ஆவியும் உண்டு. மழையில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய், சிக்னலில் நிற்கும்போது பானெட்டைச் சுற்றி மெல்லிய ஆவி எழும். சூடான ரேடியேட்டரில் பட்ட தண்ணீர் காய்கிறது, அவ்வளவுதான். வாட்டர் வாஷ் செய்துவிட்டுக் கிளம்பும்போதும் இப்படி வரும். டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தில் நின்றால், ஒன்றிரண்டு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும்.

வடை சுட்ட எண்ணெய் காந்துவது போன்ற நெடியோடு, நீலமும் சாம்பலும் கலந்த புகை வந்தால் இன்ஜின் ஆயில் எங்கோ சொட்டுகிறது. இன்ஜின் தலையை மூடியிருக்கும் டேப்பட் கவரின் பேக்கிங் காய்ந்துபோய், ஆயில் வழிந்து, அடுப்பாகக் கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுவதுதான் பெரும்பாலும் காரணம். சர்வீஸ் முடிந்து வந்த முதல் நாளிலேயே இந்த வாசனை வந்தால், ஆயில் மாற்றும்போது சிந்தியது காய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்காகச் சும்மா விட்டுவிட வேண்டாம். வண்டியை நிறுத்தி, ஆயில் ஊற்றும் மூடி அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அதை மூட மறந்து அனுப்பப்பட்ட வண்டிகளும் சாலையில் ஓடத்தான் செய்கின்றன.

மூக்கைச் சுருங்கவைக்கும் பிளாஸ்டிக் கருகல் வாசனை வந்தாலோ, பெட்ரோல் வாசனை வந்தாலோ கதையே வேறு.

யோசிக்காமல் இறங்க வேண்டிய நேரம்

கருகும் பிளாஸ்டிக் என்றால் வயரிங். நம் ஊரில் இதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி அடிபடுகின்றன. ஒன்று, எலி. பல நாள் எடுக்காமல் நிறுத்திய காரின் இன்ஜின் மேல் கதகதப்பாகக் கூடு கட்டி, வயரின் மேல்தோலைக் கடித்துவைக்கும். இன்னொன்று, ஆசைக்கு மாட்டிய பெரிய ஹாரனும் கூடுதல் விளக்குகளும். ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல், இருக்கிற வயரைச் சுரண்டி முறுக்கி, டேப் சுற்றிவிட்ட இணைப்பு ஒருநாள் சூடாகி உருகும்.

இந்த வாசனைகளில் எது வந்தாலும் காரை ஓரம் கட்டி, சாவியை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிட வேண்டும். குழந்தைகளைச் சாலை இல்லாத பக்கத்துக் கதவு வழியாக இறக்கி, முப்பது மீட்டராவது தள்ளி நிறுத்த வேண்டும். பைகளையும் செல்போன் சார்ஜரையும் எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. பானெட்டைத் திறந்து பார்க்கவும் கூடாது. உள்ளே கனன்றுகொண்டிருக்கும் நெருப்புக்குத் தேவை காற்று. மூடியிருக்கும் வரை அது மூச்சுமுட்டிக் கிடக்கும். பானெட்டை முழுதாகத் தூக்கினால் சுவாலை நேரே முகத்துக்கு வரும். தீயணைப்பான் கையில் இருந்து, தீயும் சிறிதாக இருந்தால், உள்ளே இருக்கும் லிவரை மட்டும் இழுத்து, பானெட் விரலளவு எழும்பிய இடுக்கு வழியாகப் பவுடரை அடிக்கலாம். அதற்குமேல் வீரம் வேண்டாம். 112-க்கோ, தீயணைப்புத் துறையின் 101-க்கோ அழைத்துவிட்டுத் தள்ளி நிற்பதுதான் சரி. கார் போனால் போகட்டும்.

மலைப் பாதையில் இன்னொரு வாசனையும் பலரைக் குழப்பும். காகிதமும் ரப்பரும் சேர்ந்து கருகியது போல ஒரு நெடி. கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே ஏற்றத்தில் ஊர்ந்ததால் கிளட்ச் பிளேட் தேய்ந்து வருவது அது. இறக்கத்தில் வந்தால் பிரேக். அப்போது புகை பானெட்டிலிருந்து வராது, சக்கரத்துப் பக்கமிருந்து வரும். ஊட்டிச் சாலைகளில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பது இதற்காகத்தான்.

முள்ளை எவ்வளவு நம்பலாம்?

மூக்குக்கு அடுத்தது டெம்பரேச்சர் முள். சாதாரணமாக இன்ஜின் 90 டிகிரியை ஒட்டியே ஓடும். முள்ளும் நடுவில் நிற்கும். இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. சிவப்பு வந்துவிட்டதென்றால், 'அடுத்த ஊர் வரைக்கும் போய்ப் பார்ப்போம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

முள் பொய் சொல்லும் சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. சூட்டை அளக்கும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருக்கும்போதுதான் சரியாக அளக்கும். கூலன்ட் முழுவதும் கொட்டிப்போய்விட்டால் அது வெறும் காற்றில் நிற்கிறது. இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்போது முள் சாதுவாகக் கீழே இறங்கிவிடலாம். ஆவி வந்தது, பிறகு நின்றது, முள்ளும் இறங்கிவிட்டது, ஆகவே சரியாகிவிட்டது என்று நினைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்பவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். ஆவி நின்றதற்குக் காரணம், ஆவியாவதற்கு உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை என்பதாகவும் இருக்கலாமே.

முள் ஏறத் தொடங்கியிருக்கிறது, ஆவி இன்னும் வரவில்லை, நிறுத்தவும் இடமில்லை. அந்த மாதிரி நேரத்துக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டிலும் காற்றை முழு வேகத்திலும் வைத்து, ஜன்னல்களை இறக்கிவிட வேண்டும். இன்ஜினின் சூட்டைத்தான் ஹீட்டர் உள்ளே இழுத்துக் கொடுக்கிறது. அந்த அளவுக்கு இன்ஜின் இளைப்பாறும். மே மாத வெயிலில் வண்டிக்குள் இருப்பவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். நிறுத்த இடம் கிடைக்கும்வரைதான்.

பாதி மலையில் நிற்கும் குடும்பத்துக்குத் திரும்பலாம். இனிப்பு வாசனை வந்தது, இன்ஜினை அணைத்தாயிற்று, ஹஸார்டு விளக்கு மின்னுகிறது. இனி அவர்களுக்குத் தேவை பொறுமை. குறைந்தது அரை மணி, முக்கால் மணி நேரம். மேல் ஹோஸைக் கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்குச் சூடு இறங்கி, அமுக்கினால் அது தளர்வாக அமுங்கவும் வேண்டும். விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் இன்னும் பாக்கி. சூடு ஆறுவதற்குள் விசிறி திடீரென்று தானாகச் சுற்றவும் வாய்ப்பு இருப்பதால், அந்தப் பக்கம் விரலையோ துப்பட்டாவையோ கொண்டுபோகக் கூடாது. ஆறிய பிறகு, மூடியில் துணி போட்டுக் கொஞ்சமாகத் திருகி, சீறல் அடங்கிய பின்பு திறந்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றலாம். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய கதைதான். இன்ஜின் ஹெட்டில் விரிசல் விழும் அபாயம் இருக்கிறது.

ஊற்றிய தண்ணீர் அடியில் ஒழுகினால் அங்கிருந்து மீட்பு வண்டிதான். காப்பீட்டோடு சாலையோர உதவியும் எடுத்திருக்கிறார்களா என்பதை அப்போதுதான் பலர் தேடுகிறார்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ஐ அழைக்கலாம். கொல்லிமலை வளைவில் அந்த எண் உதவாது. மேலே செம்மேட்டிலிருந்தோ, கீழே அடிவாரத்திலிருந்தோ ஆள் வர வேண்டும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

'சூடாயிருச்சு' என்று மட்டும் சொன்னால் அவர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். எப்போது சூடானது என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். நகர நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, பைபாஸில் வேகம் எடுத்ததும் இறங்கினால் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல். ஓடும்போது காற்று தானாகவே வந்து குளிர்விக்கிறது, நிற்கும்போது ஃபேன்தான் கதி. ஃபியூஸோ, ரிலேயோ, மோட்டாரோ போயிருக்கும். இதற்கு நேர்மாறாக, நெரிசலில் சமாளித்துவிட்டு, வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் கொதித்தால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் சிக்கியிருக்கலாம், கூலன்ட் குறைந்திருக்கலாம். முள் ஏறிய அதே நேரத்தில் பேட்டரி விளக்கும் எரிந்ததென்றால் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். பல கார்களில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது.

கூலன்ட் அடிக்கடி குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை, சைலன்ஸரிலோ வெள்ளைப் புகை ஓயவில்லை என்றால் ஆயில் மூடியைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். சில நூறு ரூபாய் ஹோஸில் முடிந்திருக்க வேண்டிய செலவை, கொதிக்கக் கொதிக்க ஓட்டிய ஐந்து கிலோமீட்டர் இந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஹெட்டைக் கழற்றிச் சமன்செய்யும் வேலைக்கு எத்தனை ஆயிரம் என்று பேசுவது அந்தந்தப் பட்டறையின் பாடு. வழக்கமான வாகனக் காப்பீட்டில் இயந்திரப் பழுதுக்கு இடம் கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் காரணம் பெரும்பாலும் யாரும் கவனிக்காத சின்ன விஷயமாகவே இருக்கும். கூலன்ட் குறையும்போதெல்லாம் வீட்டு போர்வெல் தண்ணீரை மொண்டு ஊற்றுகிறவர்கள் நம்மில் ஏராளம். குளியலறைக் குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிறதே உப்பு, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிந்து அடைக்கிறது. அவசரத்துக்குக் குடிநீர் பாட்டில் ஊற்றலாம், தப்பில்லை. ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட்டு முறையான கூலன்ட் நிரப்ப வேண்டும். பயணத்துக்கு முந்தைய நாள் இரவே காருக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்துவைத்தால், காலையில் அதில் விழுந்த கறையே கசிவைக் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, தனியாக இருக்கும் கூலன்ட் டப்பாவில் அளவு இரண்டு கோடுகளுக்கும் நடுவே நிற்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கு எந்த மூடியையும் திறக்கத் தேவையில்லை, வெளியிலிருந்தே தெரியும்.

அட்டையில் பச்சையாகவோ, சிவப்பாகவோ, நீலமாகவோ வழவழப்பாகக் கறை இருந்தால் அது கூலன்ட். தரையிலும் சிந்தியிருந்தால் அப்போதே மணலோ பழைய துணியோ போட்டு ஒற்றி எடுத்துவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். தெரு நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும். மிச்சக் கூலன்ட்டைக் கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் இருக்கும் வீடுகளில், குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரிக்கு அதை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.