ஆண் கருத்தடை: தம்பதியர் ஏற்பதும் தயங்குவதும்

வாசக்டமி எனப்படும் ஆண் கருத்தடை சிகிச்சை, விந்தணுக்கள் வரும் இரண்டு விந்துக் குழாய்களையும் அடைத்துக் கருத்தரிப்பை நிரந்தரமாகத் தடுக்கும் முறை. பெண் கருத்தடை அறுவையைவிட இது எளிது. செலவும் ஆபத்தும் குறைவு. இருந்தும் 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.1 விழுக்காடு. ஆயிரம் வீடுகளை எடுத்துக்கொண்டால் 578 வீடுகளில் மனைவி, ஒரே ஒரு வீட்டில் கணவர். திருவண்ணாமலை மாவட்டத்தின் பட்டு நெசவு ஊரான ஆரணி, கணவனும் மனைவியும் ஒரே தறியை நம்பி வாழும் ஊர். கருத்தடையை யார் செய்துகொள்வது என்ற முடிவின் பின்னால் நிற்கும் காரணங்களை அங்கே வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும்.

பிரசவ வார்டிலேயே முடிந்துவிடும் முடிவு

தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன, 44.9 விழுக்காடு சிசேரியன். இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு, “அப்படியே ஆபரேஷனையும் பண்ணிடலாம்” என்பது வழக்கமாகிவிட்டது. தாய் ஏற்கெனவே படுக்கையில் இருக்கிறாள்; இன்னொரு முறை மருத்துவமனைக்கு அலைய வேண்டாம் என்று குடும்பம் நினைக்கிறது. பெண்ணுக்கான அறுவை இப்படித் தானாக நடந்துவிடுகிறது. ஆணுக்கான சிகிச்சைக்கோ தனியாக ஒரு நாள் குறித்து, தனியாகப் பேசி, தனியாகப் போக வேண்டும். கர்ப்ப காலப் பரிசோதனைக்குக் கணவர் உடன் வந்தாலும் அவரிடம் பெரும்பாலும் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பேச்சே எழாத இடத்தில் ஏற்பும் எழாது.

தறியும் கூலியும்

நெசவாளிக்குக் கூலி சேலைக் கணக்கில் வருகிறது. தறி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். குழித்தறியில் உட்கார்ந்து கால்களால் மிதிபலகையை மாற்றி மாற்றி மிதிப்பவருக்கு, இடுப்புக்குக் கீழே ஒரு சிகிச்சை என்றதும் எழும் முதல் கேள்வி, “தறியில் உட்கார முடியுமா?” என்பதுதான். இதற்கான விடை தெரியாததால்தான் பலர் பின்வாங்குகிறார்கள்.

விடை எளிமையானது. முதல் இரண்டு நாள் ஓய்வு தேவை. பிறகு இலேசான வேலைகளைச் செய்யலாம். தறி மிதிப்பது, சைக்கிள் ஓட்டுவது, பாரம் தூக்குவது ஆகியவற்றை ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டும். பெண் கருத்தடையிலோ வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கிறது. ஆறவும் கூடுதல் நாள் ஆகிறது. தார் சுற்றுவது, பாவு வேலைக்குக் கைகொடுப்பது, சமையல், குழந்தை வளர்ப்பு என்று மனைவி பார்க்கும் வேலைகளுக்குக் கூலிக் கணக்கு இல்லை. அதனால் அவள் படுத்தால் ஏற்படும் இழப்பு கண்ணில் படாமல் போகிறது. ஆண் இழக்கும் ஒரு வாரக் கூலி மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

ஆண்மை பற்றிய அச்சம்

“ஆபரேஷன் பண்ணினா பலம் போயிடும்” என்ற பேச்சு தலைமுறை தலைமுறையாக வருகிறது. வாசக்டமியை விரை நீக்கத்தோடு குழப்பிக்கொள்வதே இதற்கு வேர். இந்தச் சிகிச்சையில் விரையைத் தொடுவதில்லை. ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் இரத்தத்தின் வழியாகச் செல்வதால் விந்துக் குழாயை அடைப்பது அதைப் பாதிக்காது. வெளிவரும் திரவத்தில் விந்தணுவின் பங்கு மிகக் குறைவு. பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருகிறது. ஆகவே அதன் அளவிலும் மாற்றம் தெரியாது. விறைப்பும் இன்பமும் உழைக்கும் வலுவும் முன்பு போலவே இருக்கும்.

மனைவியின் தயக்கமும் ஊர்ப் பேச்சும்

தயங்குபவர் கணவர் மட்டும் என்று எண்ணுவது தவறு. “சம்பாதிக்கிற உடம்பு, அதுக்கு எதுவும் ஆகக் கூடாது, நானே பண்ணிக்கிறேன்” என்று முன்வரும் மனைவிகள் ஏராளம். மாமியாரும் தாயும் அதையே சொல்வார்கள். கணவருக்குச் செய்த சிகிச்சை தோற்று மறுபடி கருத்தரித்தால் தன் ஒழுக்கத்தின் மீது சந்தேகம் விழுமே என்ற பயமும் பெண்களுக்கு உண்டு. இந்தப் பயத்தைத் தீர்க்கும் வழி மருத்துவத்திலேயே இருக்கிறது. சிகிச்சை நடந்ததும் குழாயில் எஞ்சிய விந்தணுக்கள் வெளியேறச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை அல்லது வேறு முறையைப் பயன்படுத்தி, பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொண்டால் கருத்தரிக்கும் வாய்ப்பு மிக அரிது. இதைக் கணவன், மனைவி இருவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

கருத்தடை பெண்ணின் பொறுப்பு என்ற எண்ணமும் வலுவாக உள்ளது. அதே ஆய்வில் இந்திய ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல், அது பெண்கள் விவகாரம், ஆண் கவலைப்பட வேண்டியதில்லை என்ற கூற்றை ஏற்றுக்கொண்டனர்.

வரலாறு விட்டுச்சென்ற வடு

ஆண்கள் என்றுமே வாசக்டமியை மறுத்து வந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1960களில் இந்தியாவில் நடந்த கருத்தடை அறுவைகளில் பெரும்பாலானவை ஆண்களுக்கே நடந்தன. 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60 ஆயிரத்துக்கும் அதிகமான ஆண்கள் அதைச் செய்துகொண்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் நிலைமை மாறியது. 1976–77இல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு. பல மாநிலங்களில் இலக்கு வைத்து, கட்டாயப்படுத்தி நடத்தியதால் மக்கள் மனத்தில் அச்சமும் வெறுப்பும் பதிந்தன. அதற்குப்பின் திட்டத்தின் பாரம் முழுவதும் பெண்கள் பக்கம் சாய்ந்தது, இன்றுவரை திரும்பவில்லை. கனடா, தென்கொரியா, பூட்டான் போன்ற நாடுகளில் பெண்களைவிட ஆண்களே கருத்தடை சிகிச்சையை அதிகம் செய்துகொள்கிறார்கள். ஆகவே ஆண்களின் தயக்கத்தைப் பண்பாட்டின் மாறா விதி என்று கொள்ள வேண்டியதில்லை.

இன்றைய சிகிச்சை

இப்போது நடைமுறையில் இருப்பது தழும்பில்லாத நவீன வாசக்டமி. 1974இல் சீன மருத்துவர் லீ ஷுன்சியாங் உருவாக்கிய முறை இது. 1990களில் இந்தியாவுக்கு வந்தது. விதைப்பைப் பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து, அதன் தோலில் சிறு துளையிட்டு, குழாயை வெளியே எடுத்து அடைத்துவிடுவார்கள். தையல் இல்லை, 10 முதல் 15 நிமிடங்களில் முடியும், அன்றே வீடு திரும்பலாம். சிறிது வீக்கமும் வலியும் சில நாள் இருக்கும். இரத்தக்கட்டு, தொற்று, நீடித்த வலி ஆகியவை சிலருக்கு மட்டும் ஏற்படும். காய்ச்சல், சீழ், பெரிதாகும் வீக்கம் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மீண்டும் குழாயை இணைக்க அறுவை உண்டு என்றாலும் பலன் உறுதியில்லை. எனவே இனிக் குழந்தை வேண்டாம் என்று தெளிவாக முடிவு செய்தவர்களுக்கு மட்டுமே இது ஏற்றது. பால்வினை நோய்களை இது தடுக்காது. அரசு விதிப்படி ஆண் 60 வயதுக்கு உட்பட்டவராகவும், ஒரு வயதைக் கடந்த ஒரு குழந்தையாவது உள்ளவராகவும் இருக்க வேண்டும்.

ஏற்பை வளர்ப்பவை

நிரந்தரக் கருத்தடை செய்துகொள்பவருக்கு அரசு இழப்பீட்டுத் தொகை தருகிறது. 2007இல் ஆணுக்கு அது 1,100 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கூலியிழப்பை இது ஓரளவு ஈடுகட்டும். ஆனால் பணத்தால் மட்டும் மனம் மாறாது. ஏழாம் எட்டாம் மாதக் கர்ப்பப் பரிசோதனையிலேயே கிராம சுகாதார செவிலியர் இருவரையும் உட்கார வைத்துப் பேசுவது, ஆணிடம் பேச ஆண் சுகாதாரப் பணியாளர் இருப்பது, பயிற்சி பெற்ற மருத்துவர் அருகிலேயே கிடைப்பது, ஏற்கெனவே செய்துகொண்ட ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வது ஆகியவை பலன் தரும். தறிக்குத் திரும்பிவிட்ட ஒரு நெசவாளியின் சொல்லுக்கு, அதே தெருவில் நூறு சுவரொட்டிகளைவிட மதிப்பு அதிகம். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை அனுசரிக்கப்படும் ஆண் கருத்தடை இருவார விழா, இந்தப் பேச்சைத் தொடங்க நல்ல வாய்ப்பு.

ஒரு சேலை நெய்யப் பாவும் ஊடையும் வேண்டும். குடும்பப் பொறுப்புக்கும் இருவர் தோள் வேண்டும். கடைசிக் குழந்தை பிறக்கும் முன்பே கணவனும் மனைவியும் சேர்ந்து மருத்துவரிடம் கேட்டறிந்து, யாருக்கு எது ஏற்றது என்று முடிவு செய்யட்டும். அந்த உரையாடலை ஒவ்வொரு தம்பதியும் இன்றே தொடங்க வேண்டும்.