பட்டறைக் கொட்டகை

பட்டறைக் கொட்டகை என்பது, வீட்டு மனையில் வீட்டோடு ஒட்டாமல் தனியாக நிறுத்தப்படும் கூரையுடைய தொழிற்கூடம் ஆகும். சுவர்கள் கூரையைத் தாங்குவதில்லை. தரையில் ஊன்றப்பட்ட கால்களே கூரை முழுவதையும் தாங்குகின்றன. பக்கங்கள் திறந்தோ, தேவைக்கேற்பத் தகரம், செங்கல், ஓலைத் தட்டி போன்றவற்றால் மறைக்கப்பட்டோ இருக்கும். பகலில் வேலைக்கூடமாகவும் இரவில் வண்டி நிறுத்துமிடமாகவும் ஒரே கொட்டகை பயன்படுவது பொதுவான வழக்கம். திருப்பூர் மாநகராட்சிக்கு உட்பட்ட அனுப்பர்பாளையத்தின் பாத்திரப் பட்டறைகளும், அப்பகுதியில் பின்னலாடைக் கூலி வேலை நடைபெறும் பல தையல் கூடங்களும் இவ்வகைக் கட்டிடங்களில் இயங்குகின்றன.

பெயர்

கொல்லர், கன்னார், தச்சர் முதலியோர் வேலை செய்யும் இடம் பட்டறை எனப்படும். கொங்குப் பகுதி உழவர்கள் சின்ன வெங்காயத்தைச் சேமிக்கும் காற்றோட்டமான அமைப்பையும் பட்டறை என்றே அழைக்கின்றனர். இரண்டும் வேறு வேறு பொருள்கள் ஆகையால், பல்லடம், தாராபுரம் பகுதிகளில் "பட்டறை போட்டிருக்கிறார்" என்று கேட்டால் எது என்று விசாரிக்க வேண்டியிருக்கும். தோட்டத்தில் ஆட்கள் தங்கவும் பொருட்களை வைக்கவும் போடப்படும் கூரைக் கட்டிடத்தைச் சாளை என்பர்.

ஐக்கிய அமெரிக்காவில் இதனையொத்த கட்டுமான முறை கம்பக் கொட்டகை எனும் பொருள்படும் பெயரால் அறியப்படுகின்றது. 1930களில் ஹோவர்ட் டோன் என்பவரும், அவரது பண்ணை மேலாளரான பெர்னன் பெர்க்கின்சும் அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தனர். தொடர்ச்சியான அடித்தளம் இன்றி, மண்ணில் நேரடியாகப் புதைக்கப்பட்ட மரக்கம்பங்களின் மேல் கூரையை ஏற்றுவது அம்முறையாகும். மண்ணில் கால் நட்டுக் கூரை வேய்வது தமிழகத்திற்குப் புதிதன்று. எனினும் மருந்தேற்றிய மரக்கம்பமும் இலேசான உலோகத் தகடும் சேர்ந்து, அங்கே செலவு குறைந்த பெரிய கட்டிடங்களைச் சாத்தியமாக்கின.

அனுப்பர்பாளையத்தில்

அனுப்பர்பாளையம் திருப்பூர்–அவிநாசி சாலையில் அமைந்துள்ளது. பின்னலாடைக்குப் பெயர் பெற்ற திருப்பூரில், இவ்வூர் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்றது. குடம், அண்டா, தவலை, குத்துவிளக்கு முதலியன இங்கும் சுற்றியுள்ள வேலம்பாளையம், ஆத்துப்பாளையம், அங்கேரிபாளையம் பகுதிகளிலும் செய்யப்படுகின்றன. வேலை பல கைகளுக்குப் பிரிக்கப்பட்டு நடப்பதால், பெரிய ஆலைக் கட்டிடம் கட்டாயமில்லை. ஒரு பட்டறையில் தகடு வெட்டுவர், மற்றொன்றில் அடித்து வடிவம் கொடுப்பர், வேறொன்றில் பற்றவைப்பர், இன்னொன்றில் கடைந்து மெருகேற்றுவர். ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு கொட்டகை போதுமானது.

இவ்வேலைகளே கொட்டகையின் அமைப்பையும் தீர்மானிக்கின்றன. தகடு அடிக்க அடிக்கக் கெட்டிப்படும். ஆகவே இடையிடையே உலையில் காய்ச்சி மென்மையாக்க வேண்டும். உலை இருப்பதால் கூரை உயரமாகவும் உச்சியில் புகை வெளியேற வழியுடனும் இருத்தல் அவசியம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம் ஆகும். அதை அதிக வெப்பத்தில் பற்றவைக்கும்போது துத்தநாக ஆவி கிளம்புகின்றது. மெருகேற்றும் இடத்தில் நுண்ணிய உலோகத் தூசி பறக்கின்றது. இவ்விரண்டையும் சன்னலால் மட்டும் போக்க முடியாது. அடிக்கும் பட்டடை, தரையில் ஆழப் பதித்த கட்டையின் மேல் நிற்க வேண்டும். கடைசல் எந்திரத்துக்குத் தனியே காங்கிரீட் மேடை தேவை. இம்மேடையைக் கொட்டகைக் காலின் அடித்தளத்தோடு சேர்த்து வார்த்தால், எந்திரத்தின் அதிர்வு கூரை வரை சென்று திருகாணிகளைத் தளர்த்திவிடும்.

கால்களும் கூரையும்

பழைய கொட்டகைகளில் பனை, வேம்பு, சவுக்கு முதலிய மரங்கள் கால்களாயின. நுனியில் இரண்டாகப் பிரியும் கவைக்கால்களின் மேல் விட்டத்தை வைத்துக் கயிற்றால் கட்டுவர். கறையானும் தரையோர ஈரமும் இக்கால்களின் பகைகள். கொங்குப் பகுதியில் பாறையைப் பிளந்து எடுத்த கல்தூண்கள் எளிதாகக் கிடைத்ததால், வேலிக்கும் கொட்டகைக்கும் அவை பரவலாகப் பயன்பட்டன. கல்தூண் கறையானுக்கும் மழைக்கும் அஞ்சாது. ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் திடீரென முறியும், ஆணியோ திருகாணியோ அதில் எளிதில் பிடிக்காது. பிற்காலத்தில் இரும்புக் குழாய்களும் கோண இரும்பும் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

கூரையின் வரலாறும் இதைப் போன்றதே. ஓலைக்குப் பின் நாட்டு ஓடு வந்தது. பாசல் மிசன் 1865 ஆம் ஆண்டு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய பின் மங்களூர் ஓடு தென்னிந்தியா முழுவதும் பரவியது. அதன் பின்னர் கல்நார் சிமெண்ட் அட்டையும், துத்தநாகம் பூசிய தகரமும், வண்ணம் பூசிய தகடும் வந்தன. வேலை விரைவு, விலை மலிவு, ஒழுகல் குறைவு ஆகியன இம்மாற்றத்துக்குக் காரணங்களாகும்.

இம்மாற்றத்தில் பலரும் கவனிக்காத விளைவு ஒன்று உண்டு. மங்களூர் ஓட்டுக் கூரை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிலோவுக்கு மேல் எடை உடையது, மரச் சட்டங்கள் தனி. அரை மில்லிமீட்டர் தகடோ சதுர மீட்டருக்கு 5 கிலோ கூட வருவதில்லை. ஓட்டுக் கூரையில் கால்களின் முதன்மையான வேலை எடையைச் சுமப்பது. தகட்டுக் கூரையில் அவ்வேலை மிகச் சிறியது. காற்று கூரையைத் தூக்கும்போது அதைக் கீழே இழுத்துப் பிடிப்பதே பெரிய வேலை. ஓட்டை இறக்கிவிட்டுப் பழைய கால்களின் மேலேயே தகடு போடுபவர்கள், சுமை குறைந்தது என்று நிம்மதி கொள்வது தவறான கணக்காகும்.

காற்றின் கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கொங்குச் சமவெளிக்குள் நுழைகின்றது. பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் காற்றாலைகள் நிற்பதற்கு இதுவே காரணம். சூன் முதல் செப்டம்பர் வரை காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகின்றது. கோடை மழையின்போது வரும் சூறைக்காற்று எத்திசையிலிருந்தும் வரக்கூடும்.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை (ஐ.எசு. 875, பகுதி 3) கோயம்புத்தூருக்கு நொடிக்கு 39 மீட்டர் என்னும் அடிப்படை வேகத்தைத் தருகின்றது. சென்னைக்கு இது 50 மீட்டர். அனுப்பர்பாளையத்திற்கும் கோயம்புத்தூரின் அளவையே கொண்டு ஒரு தோராயக் கணக்கைப் பார்க்கலாம். காற்றழுத்தம் என்பது வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கக் கிடைப்பது. 39 இன் வர்க்கம் 1521. எனவே அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 913 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 93 கிலோ எடைக்குச் சமம்.

30 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளப் பக்கங்களில் 10 அடிக்கு ஒன்றாக நான்கு நான்கு கால்கள், மொத்தம் எட்டு. நடுவில் உள்ள ஒவ்வொரு காலும் 10 அடிக்கு 10 அடி, அதாவது சுமார் 9.3 சதுர மீட்டர் கூரைக்குப் பொறுப்பாகும். மேல்நோக்கிய உறிஞ்சல் முழு அழுத்தத்திற்குச் சமம் எனவும், தகடும் இரும்புச் சட்டங்களும் சேர்ந்த எடை சதுர மீட்டருக்கு 12 கிலோ எனவும் கொண்டால், மீதமுள்ள 81 கிலோ கூரையைத் தூக்கும். ஒரு காலுக்கு இது ஏறக்குறைய 750 கிலோ. மூலைக் கால்களுக்கு இதில் பாதி. இரண்டரை அடி சதுரமும் இரண்டு அடி ஆழமும் கொண்ட காங்கிரீட் கட்டி சுமார் 850 கிலோ எடை உடையது. நடுக்காலின் அடியில் குறைந்தது அவ்வளவாவது இருந்தால்தான் கணக்கு நேராகும். ஓரடிக் குழியில் இரண்டு சட்டி கலவையை ஊற்றிக் காலை நிறுத்துவது எவ்வளவு போதாதது என்பதை இதிலிருந்து உணரலாம்.

காற்று வரும் பக்கம் திறந்திருந்து மற்ற மூன்று பக்கங்களும் மூடியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றிக் கூரையை அடியிலிருந்து தள்ளும், அதே நேரத்தில் மேலே செல்லும் காற்று கூரையை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் தூக்கு விசை மேற்கூறிய அளவைப் போல ஒன்றரை மடங்கு வரை ஆகலாம். ஆகவே இப்பகுதியில் மேற்குப் பக்கத்தை மூடி, கிழக்கில் வாயில் வைப்பது நல்லது. நான்கு பக்கமும் திறந்த கொட்டகை கூட, மேற்கு மட்டும் திறந்த கொட்டகையை விடப் பாதுகாப்பானது.

தகடுகளைப் பொருத்துவதிலும் காற்றின் திசை முக்கியம். கிழக்கு முனையில் தொடங்கி மேற்கு நோக்கிப் பரப்பினால், ஒவ்வொரு புதிய தகடும் முந்தையதன் மேல் படிந்து, அதன் விளிம்பு காற்றுக்கு மறைவான கிழக்கைப் பார்க்கும். மாறாகச் செய்தால் காற்றும் மழையும் இணைப்புக்குள் நுழையும். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் உச்சியிலும் உறிஞ்சல் நடுப்பகுதியைவிட அதிகம். அங்கே திருகாணிகளை நெருக்கமாகப் போட வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இத்திருகாணிகளில்தான்.

கால்கள் பக்கவாட்டில் ஆடாமல் இருக்கப் பெருக்கல் குறி வடிவில் குறுக்குக் கம்பிகளோ, காலும் விட்டமும் சேருமிடத்தில் சாய்வுத் தாங்கிகளோ தேவை. இரும்புக் காலை நேரடியாக மண்ணிலோ, தரைமட்டக் காங்கிரீட்டிலோ புதைத்தால் தரையோரத்தில் துருப்பிடிக்கும். தரையிலிருந்து அரையடி உயர்ந்த காங்கிரீட் மேடையில், அடித்தகடும் நங்கூர ஆணிகளும் கொண்டு நிறுத்துவது சிறந்த முறையாகும்.

வெப்பம்

நண்பகல் வெயிலில் வெறும் தகடு 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகக்கூடும். கூரை தாழ்வாக இருப்பின் அச்சூடு நேரே வேலை செய்பவரின் தலைமேல் வீசும். உலையும் சேர்ந்தால் சித்திரை, வைகாசி மாதங்களில் வேலை நேரமே சுருங்கிவிடும். வெண்ணிறப் பூச்சு, 12 அடிக்குக் குறையாத ஓர உயரம், உச்சியில் நீளத் திறப்பு, நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்குமாறு கிடத்தல் ஆகியன மின்சாரம் இன்றியே பலன் தருவன. கிழக்கு மேற்காக நீண்ட கொட்டகையின் குறுகிய பக்கமே பருவக்காற்றை எதிர்கொள்ளும் என்பது கூடுதல் நன்மை.

தீயும் மின்சாரமும்

கும்பகோணத்தில் 2004 ஆம் ஆண்டு சூலை 16 அன்று பள்ளி ஒன்றில் சமையல் கூடத்தில் பற்றிய தீ ஓலைக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதன் பின்னர் தமிழகப் பள்ளிகளில் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. உலையோ, பஞ்சுத் தூசி படியும் தையல் எந்திரங்களோ உள்ள இடத்தில் ஓலை பொருந்தாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. வீட்டின் தாழ்வாரத்தோடு கொட்டகைக் கூரையை இணைப்பதும் தவறு. இடைவெளி இருந்தால்தான் தீ வீட்டுக்குத் தாவாது, தீயணைக்கவும் வழி இருக்கும்.

இரும்புக் கொட்டகையில் மின்கசிவு ஏற்பட்டால் கால், விட்டம், கூரை அனைத்திலும் மின்சாரம் பாயும். துணி உலர்த்தும் கம்பியைக் கொட்டகைக் காலில் கட்டும் பழக்கம் உள்ள வீடுகளில், இதனால் பட்டறைக்குள் கால் வைக்காதவர்களும் உயிரிழக்க நேரிடும். சட்டகத்தை முறையாக நில இணைப்புச் செய்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியைப் பொருத்துவது இன்றியமையாதது.

கல்நார் அட்டை

கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என உலக நலவாழ்வு அமைப்பு கூறுகின்றது. அட்டையை அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் இழைகள் காற்றில் கலக்கின்றன. ஏற்கனவே கூரையில் உள்ள அட்டையை நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்குவதே பாதுகாப்பான வழி. பழைய அட்டையின் மேல் ஏறி நிற்பது கூடாது. அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

சட்டம்

கட்டிட அனுமதி, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019 இன்படி உள்ளாட்சி அமைப்பிடம் பெறப்பட வேண்டும். ஒலி மாசு விதிகள் 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல் என்னும் வரம்பை வைத்துள்ளன. பாத்திரம் அடிக்கும் பட்டறைக்கு இவ்வரம்பு மிகக் கடுமையானது.

தொழிற்சாலைகள் சட்டம் 1948, மின்விசையுடன் 10 பேர் அல்லது மின்விசையின்றி 20 பேர் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என வரையறுத்தது. 2020 இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் இவ்வெண்ணிக்கைகளை 20, 40 என உயர்த்தியது. நான்கைந்து பேர் வேலை செய்யும் வீட்டுக் கொட்டகை இரண்டு வரையறைகளிலும் தொழிற்சாலை ஆகாது. எனவே தொழிற்சாலை ஆய்வாளர் இங்கு வருவதில்லை. காலின் ஆழத்தையும் திருகாணியின் எண்ணிக்கையையும் கேட்டுச் சரிபார்ப்பவர், பெரும்பாலும் கொட்டகை போடச் சொன்ன வீட்டுக்காரர் ஒருவரே.