ஆண்களின் எலும்பைக் காக்கும் பெண் ஹார்மோன்!

அவர் 28 வயது வாலிபர். உயரம் 6 அடி 8 அங்குலம். நடக்கும்போது முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்தன. அதற்காக அமெரிக்காவில் டாக்டர்களிடம் போனார்.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர்கள் திகைத்துப் போனார்கள். 28 வயதுக்காரரின் எலும்பு, 15 வயதுப் பையனின் எலும்பு போல இருந்தது. அவர் இன்னும் வளர்ந்து கொண்டே இருந்தார்! ஆனால் அந்த எலும்புகளில் உறுதி இல்லை. கிழவர்களுக்கு வருவது போல உள்ளே பொரபொரத்துப் போயிருந்தன.

ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆண்மைக்கு உரிய டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சரியான அளவில் இருந்தது. பிறகு கோளாறு எங்கே?

சாவி உண்டு, பூட்டு இல்லை

ஈஸ்ட்ரோஜன் என்பது பெண் ஹார்மோன். ஆனால் ஆண்களின் உடலிலும் அது கொஞ்சம் உண்டு. டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடலே ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக் கொள்கிறது. எலும்பு வளர்ச்சியைச் சரியான வயதில் நிறுத்துவதும், எலும்பு கரையாமல் காப்பதும் இதன் வேலை.

ஈஸ்ட்ரோஜன் ஒரு சாவி என்றால், அது பொருந்தும் பூட்டு உடலின் செல்களில் இருக்கிறது. இந்த வாலிபருக்குச் சாவி இருந்தது. பூட்டுதான் பிறவியிலேயே பழுது. தாய், தந்தை இருவரிடம் இருந்தும் பழுதான ஜீன் அவருக்கு வந்திருந்தது. அவரது குடும்பத்தில் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் இருந்ததும் தெரிய வந்தது. ஈஸ்ட்ரோஜன் மருந்து கொடுத்துப் பார்த்தும் பலன் இல்லை.

1994-ம் ஆண்டு இந்தச் செய்தி வெளியானது. ஆண் எலும்புக்கு ஆண் ஹார்மோன் மட்டும் போதும் என்ற எண்ணம் அன்றோடு மாறியது.

அடுத்து, பூட்டு நன்றாக இருந்தும் சாவியே உண்டாகாத ஆண்கள் சிலரை டாக்டர்கள் கண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தபோது எலும்பில் மாற்றம் இல்லை. ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் எலும்பு உறுதிப்பட்டது. இது 1997-ல் வெளியான தகவல்.

அதற்காக ஆண்கள் இந்த மருந்தைத் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அது அபூர்வமான குறை உள்ளவர்களுக்கு டாக்டர்கள் பார்த்துக் கொடுக்கும் சிகிச்சை.

பரம்பரைச் சொத்து

தகப்பனாரிடம் இருந்து நிலபுலன் வருகிறதோ இல்லையோ, எலும்பின் தரம் வருகிறது. எலும்பின் அடர்த்தியில் ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தில் 100-க்கு 50 முதல் 80 பங்கு வரை பரம்பரையால் வருவது என்று இரட்டையர்களை வைத்து நடந்த ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

எல்.ஆர்.பி.5 என்று ஒரு ஜீன். இது கெட்டுப்போனால் சிறு வயதிலேயே எலும்பு நொறுங்கும். கண் பார்வையும் போகும். அதே ஜீனில் வேறு விதமான மாற்றம் ஏற்பட்ட அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் எலும்புகள் மிக அடர்த்தியாக இருந்தன. இது 2002-ல் வெளியானது.

ஊரில் இருக்கும் அப்பாவுக்கோ, அம்மாவுக்கோ வயதான காலத்தில் இடுப்பு எலும்பு முறிந்திருந்தால், வெளியூரில் வேலை பார்க்கும் மகனும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டாக்டரிடம் போனால் இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

பெண்கள் நோயா?

எலும்புத் தேய்மானம் பெண்களின் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 50 வயதைத் தாண்டிய ஆண்களில் 5 பேரில் ஒருவருக்கு இதனால் எலும்பு முறிகிறது. இடுப்பு எலும்பு முறிந்தபின் ஓராண்டுக்குள் இறப்பவர்கள் பெண்களைவிட ஆண்களில் அதிகம்.

மாதவிலக்கு நின்றதும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சட்டென்று குறைகிறது. ஆண்களுக்கு மெல்ல மெல்லக் குறைகிறது. ஆகவே வெளியே தெரிவதில்லை. விதைச் சுரப்பி பழுதானாலும், பிராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனைக் குறைக்கும் ஊசி போட்டாலும் எலும்பு வேகமாகத் தேயும். ஆஸ்துமா, மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிடுவோருக்கும் இந்த ஆபத்து உண்டு.

என்ன செய்யலாம்?

ஜீனை மாற்ற முடியாது. பழக்கத்தை மாற்றலாம்.

பீடி, சிகரெட், மது மூன்றும் எலும்புக்குப் பகை. நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவர்கள் தினமும் வேகமாக நடக்க வேண்டும். மாடிப்படி ஏறலாம். வெயில் படாமல் ஆபீசிலும், இரவு ஷிப்டிலும் இருப்பவர்களுக்கு வைட்டமின் 'டி' குறையும். விடுமுறை நாளிலாவது வெயிலில் நிற்பது நல்லது.

ஆண்களுக்குத் தினமும் 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அறையில் சமைத்துச் சாப்பிடுவோர் வாரத்தில் சில நாள் கேழ்வரகுக் கூழோ, களியோ செய்து கொள்ளலாம். பால், தயிர், கீரை, முள்ளோடு தின்னும் சிறு மீன் ஆகியவையும் நல்லவை.

உயரம் ஒன்றரை அங்குலம் குறைந்துவிட்டாலும், முதுகு வளைந்தாலும், லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தாலும் அலட்சியம் கூடாது. "டெக்சா" என்ற படம் எடுத்து எலும்பின் அடர்த்தியை அறியலாம். வலி இருக்காது. சில நிமிட வேலைதான்.

குடும்பத்தைத் தாங்குகிறவரின் இடுப்பு எலும்பு முறிந்தால், வீடே படுத்துவிடும். ஆண்களே, எலும்பைக் கவனியுங்கள்!